தென்கடலின் நாள்காட்டியில் காதுக்கும் ஓர் இடம்

மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி இறங்குகிறவருக்கு அடி ஆழம்தான் பெரும் சோதனை என்று கரையில் நிற்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் சோதனை முதல் சில மீட்டர்களிலேயே வந்துவிடுகிறது. கடல்மட்டத்தில் உள்ள அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. அங்கிருந்து இன்னொரு 10 மீட்டர் இறங்கினால் ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆகவே, இறங்கத் தொடங்கிய முதல் சில நொடிகளில்தான் செவிப்பறை மிக வேகமாக உள்நோக்கி அழுத்தப்படுகிறது. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம்வரை ஓடும் மெல்லிய குழல் திறந்து, உள்ளே காற்றை அனுப்பி, அந்த அழுத்தத்தை ஈடுகட்ட வேண்டும். ஓர் ஆள் உயரம் இறங்குவதற்குள் அது நடக்காவிட்டால், வெளி அழுத்தமே குழலின் வாயை அடைத்துவிடும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது.

மூக்கை இரு விரலால் பிடித்து, வாயை மூடிக்கொண்டு ஊதினால் அந்தக் குழல் திறக்கும். இத்தாலியின் பொலோனா நகரத்து மருத்துவர் அந்தோனியோ மரியா வால்சால்வா 1704இல் வெளியிட்ட காது பற்றிய நூலில் இதை விளக்கினார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இதை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வேதாளையிலும் அந்தப் பெயரைக் கேட்டிராத குளியாளிகள் அதே வித்தையை அப்பனிடமிருந்தும் மாமனிடமிருந்தும் கற்றுக்கொண்டு வருகிறார்கள்.

சளி பிடித்த நாளில் வித்தை பலிப்பதில்லை. குழலின் உட்சுவர் வீங்கி அடைத்திருக்கும். முதலில் காதடைப்பு, பிறகு ஊசி குத்துவதுபோல் வலி. வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கினால் பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டும். இன்னும் இறங்கினால் பறை கிழியும். சிலருக்கு இரண்டு, மூன்று மீட்டரிலேயே கிழிந்துவிடுகிறது. கிழிந்த கணத்தில் வலி சட்டென்று நின்றுபோகிறது என்பதுதான் இதில் கொடுமை. ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் குளிர்ந்த கடல்நீர் நடுச்செவிக்குள் பாய்ந்து, உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவியின் சுவரைத் தொடுகிறது. உலகம் சுழலத் தொடங்கும். மேல் எது, கீழ் எது என்று தெரியாது. வியன்னாவில் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீச்சிக் கழுவியபோது, நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப அவர்களுக்குத் தலைசுற்றுவதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிப் போனவர் ராபர்ட் பாரனி. 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த நோயாளிகளுக்குப் பிடித்துக்கொள்ள நாற்காலியின் கை இருந்தது. உள்ளே போன நீர் உடல்வெப்பத்துக்கு வந்ததும், சில நிமிடங்களில், சுழற்சி அடங்கிவிடும். மூச்சடக்கி மூழ்கியவரிடம் அந்தச் சில நிமிடங்கள் இருப்பதில்லை.

கடலோரத்துக்கு இது புதிய செய்தியே அல்ல. இலங்கையின் முத்துக்குளிப்பை நேரில் பார்த்த ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1803இல் வெளியிட்ட நூலில், மேலே வரும் குளியாளிகளின் வாய், மூக்கு, காது வழியே நீரும் பல நேரங்களில் ரத்தமும் வெளிப்படுவதை எழுதியிருக்கிறார். தங்கள் முறை வந்ததும் அவர்கள் மீண்டும் குதித்தார்கள் என்றும், ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முறை மூழ்கினார்கள் என்றும் பதிவு செய்திருக்கிறார். மன்னார்க் கரையில் நடந்த அந்தக் குளிப்புகளுக்கு இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளிலிருந்து ஆட்கள் தோணியேறிப் போவது வழக்கம். பாரசீக வளைகுடாவின் குளியாளிகள் ஆமையோட்டில் செய்த மூக்குக் கிடுக்கியை மாட்டிக்கொண்டார்கள். நம்மவர்களுக்கு விரல்தான். முத்துச்சிப்பிகளின் எண்ணிக்கையும் ஏலத் தொகையும் ஆண்டுவாரியாக ஆவணங்களில் இருக்கின்றன. எத்தனை பேருக்குக் காது போனது என்ற கணக்கை எந்த அரசும் வைத்துக்கொள்ளவில்லை. சேதுபதி மன்னர்கள் காலத்திலும் இல்லை, வெள்ளையர் காலத்திலும் இல்லை, இன்றும் இல்லை.

முத்துக்குளிப்பு ஓய்ந்தது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. வங்காளத்தில் வளையல் அறுக்க இங்கிருந்து சங்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது. மூச்சடக்கிக் குதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, நீண்ட குழாய் வழியாகக் காற்றை வாயில் வாங்கிக்கொண்டு மூழ்குகிறவர்களும் இருக்கிறார்கள். குழாய்க் காற்று அதிக நேரம் அடியில் இருக்கவிடும். அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும். அவை மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்குவது போலவே உட்செவியையும் தாக்கும். அப்படிப் போன கேள்திறனைப் பல வேளைகளில் மீட்கவே முடிவதில்லை.

கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித்தான் இன்னும் குறைவாகப் பேசப்படுகிறது. பாம்பன் தொடங்கி மண்டபம், களிமண்குண்டு வரையான ஊர்களிலிருந்து அவர்கள் விடிகாலையில் வத்தைகளிலும் வள்ளங்களிலும் தீவுகளைச் சுற்றிய பாறைத் தரைகளுக்குப் போகிறார்கள். முகத்தில் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை. ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழம்தான். ஆனால், நாள் முழுக்க மூழ்கி மூழ்கி எழுகிறார்கள். ஒவ்வொரு மூழ்கலிலும் செவிப்பறை அந்த முதல் சில மீட்டர்களைக் கடந்தாக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்த இடங்களுக்குப் போவதே அச்சத்தோடும் அவசரத்தோடும் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது. இந்தப் பெண்களின் உழைப்பையும் அவர்கள் தாமாக வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகளையும் பாராட்டி, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் ‘சீகாலஜி’ என்ற பன்னாட்டு விருது வழங்கப்பட்டது. கடலைக் காப்பவர்கள் என்று அவர்களை உலகம் அறிந்துகொண்டது நல்லது. அவர்களுடைய உடல் என்ன விலை கொடுக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஓட்டை விழுந்த பறை பலருக்குத் தானாகவே சில வாரங்களில் மூடிவிடும், காது நனையாமல் இருந்தால். மறுநாளே கடலில் இறங்குகிற காது எப்படி நனையாமல் இருக்கும்? நீரோடு கிருமி போகிறது. சீழ் வைக்கிறது. ‘காது ஒழுகுது’ என்பது இந்தக் கரையில் ஒரு நோயாகவே கருதப்படுவதில்லை. மழைபோல் வரும், போகும். வீட்டில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுகிறார்கள். கோழி இறகால் குடைகிறார்கள். மெடிக்கல் கடையில் கேட்டால் ஏதோ ஒரு சொட்டுமருந்து கிடைக்கும். ஜென்டாமைசின் வகையைச் சேர்ந்த சில மருந்துகள், பறையில் ஓட்டை இருந்தால், உட்செவிக்குள் கசிந்து நரம்பு முடிகளையே கொல்லக்கூடியவை. சீழை நிறுத்தப் போய்க் கேள்திறனை இழப்பது இப்படித்தான்.

சீழ்க்காதின் பரப்பைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2004இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இந்நோய் இருந்தால் அதை உடனடியாகக் கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரச் சிக்கலாகக் கருத வேண்டும் என்றது அது. மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தமிழகக் கிராமத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சீழ்க்காது இருந்தது. அது கடலற்ற ஊர்களின் கணக்கு. கடலில் பிழைக்கும் ஊர்களை யாரும் அந்த அக்கறையோடு தனியாக எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தக் காது கடைசியாக வந்து சேர வேண்டிய இடம் அறுவை மருத்துவரின் நுண்ணோக்கி. காது அறுவை சிகிச்சை என்ற துறையே நுண்ணோக்கி வந்த பிறகுதான் முழு வடிவம் பெற்றது. ஸ்வீடனின் கார்ல் ஒலோஃப் நைலன் 1921இல் முதன்முறையாக நுண்ணோக்கி வைத்துக் காதில் அறுவை செய்தார். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இருவர் கிழிந்த பறையைச் சீர்செய்யும் முறையை வகுத்தார்கள். 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே, இறுகிப்போன அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை எலும்பைப் பொருத்தினார். உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது; மூன்று மில்லிமீட்டர்தான்.

பறையை ஒட்டுவது எப்படி நடக்கிறது என்று ஒரு முறை அருகே இருந்து பார்த்தால், இந்த மருத்துவத்தின் மேல் மதிப்பு கூடும். பெரும்பாலும் நோயாளியை மயக்குவதில்லை; காதைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள். காதுக்குப் பின்னால் வெட்டி, அதற்குச் சற்று மேலே, பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெண்மையான சவ்விலிருந்து ஒரு துண்டை எடுப்பார் மருத்துவர். ஈரமாக இருக்கும்போது கசங்கிச் சுருளும் அந்தத் துண்டைத் தட்டில் விரித்துக் காயவைத்தால் காகிதம்போல் விறைப்பாகும். செவிப்பறையின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்குள்தான். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதன் ஓட்டையின் ஓரங்களைச் சுரண்டி ரத்தம் கசியவிட வேண்டும். புண்ணான ஓரம்தான் புதுச் சவ்வைப் பற்றிக்கொள்ளும். பிறகு சவ்வை ஓட்டைக்கு அடியில் செருகி, கரைந்துபோகும் பஞ்சால் முட்டுக்கொடுப்பார்கள். பக்கத்திலேயே முகநரம்பு ஓடுகிறது. கை தவறினால் முகம் கோணிப்போகும். சுவைநரம்பின் கிளை ஒன்று பறைக்குப் பின்னாலேயே குறுக்கே போகிறது. இத்தனைக்கும் நடுவே மருத்துவர் விழித்திருக்கும் நோயாளியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார்: “தலை சுத்துதா? முகத்தை அசைங்க. நான் பேசுறது கேக்குதா?” அனுபவமுள்ள கைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது காதுகளில் ஒட்டு பிடித்துக்கொள்கிறது.

எல்லாச் சீழ்க்காதும் இவ்வளவு சாதுவல்ல. நாற்றமடிக்கும் சீழ், கொஞ்சமாக ஆனால் விடாமல் வந்தால், தோல் தப்பி வளர்ந்து எலும்பை அரிக்கிறது என்று பொருள். அது மூளைவரை போகும். அப்படிப்பட்டவருக்குக் காதின் பின்னெலும்பைக் குடைந்து நோயை வேரோடு எடுக்க வேண்டும். கேள்திறனைப் பிறகுதான் பார்க்க முடியும். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு விளக்குக் கருவியும் பழகிய கண்ணும் போதும்.

தமிழ்நாட்டில் காது அறுவை என்றால் இன்று பொதுமக்களுக்கு நினைவுக்கு வருவது வேறொன்று: பிறவியிலேயே கேளாத குழந்தைக்குப் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட். அந்தப் பெருமை நியாயமானது. சென்னையில் காது, மூக்கு, தொண்டை ஆராய்ச்சி அறக்கட்டளையை நடத்தும் மோகன் காமேஸ்வரன் இந்தியாவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். 2006இல் பத்மஸ்ரீ பெற்றவர். மெல்போர்னில் கிரேம் கிளார்க் 1978இல் பல மின்முனைகள் கொண்ட கருவியை ஒருவருக்குப் பொருத்தினார். அன்று ஆய்வுக்கூடத்து அதிசயமாக இருந்தது, இன்று தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தால் ஆயிரக்கணக்கான ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். தமிழகத்துக்கு இது தேவைதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே திருமணங்களில் நூற்றுக்கு 28 சொந்தத்துக்குள் நடப்பவை. நாடு முழுவதற்குமான அளவு 11. பிறவிக் கேளாமையில் பெரும்பகுதி மரபணு வழியாக வருவது என்பதால், இந்தக் கணக்கு மருத்துவர்களின் மேசைக்கு வந்து சேராமல் இருப்பதில்லை.

அந்தக் குழந்தைகளின் கதையிலும் கடலோரத்துக்குத் தனிப் பாடு உண்டு. அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு ஓராண்டு, ஈராண்டு வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி வேண்டும். இராமேசுவரத்திலிருந்து மதுரைக்குப் போக ஏறக்குறைய 170 கிலோமீட்டர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தைத் திரும்பத் திரும்பக் கடப்பவர் தாய். வெளியே மாட்டியிருக்கும் கருவிக்கு உப்புக்காற்றும் ஈரமும் ஆகாது. இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும். கம்பியும் பேட்டரியும் பழுதானால், புதிது வரும்வரை குழந்தைக்கு உலகம் மௌனம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகம் ஏற்ற வரிசை. பாம்பன் தீவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது நடக்க வேண்டும். கருவி பொருந்தாத குழந்தைகளுக்குச் சைகைமொழி உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். அதைத் தோல்வியாகப் பார்க்கும் மனப்பான்மை மருத்துவர்களிடமும் மாற வேண்டும்.

குழந்தையின் காதுக்குப் பல லட்சம் செலவிட முன்வந்த அதே காப்பீட்டுத் திட்டம், குளியாளியின் கிழிந்த பறைக்கும் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை காப்பு. பறை ஒட்டும் செலவு அதில் மிகச் சிறிய பங்கு. இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் திறக்கப்பட்ட தமிழகத்தின் 11 புதிய கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அப்படியென்றால் கடலோரத்துக் காதுகள் ஏன் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கின்றன?

தடையாக நிற்பது நாள். பறை ஒட்டியவர் குறைந்தது ஆறு வாரம் காதில் ஒரு சொட்டு நீர் படாமல் இருக்க வேண்டும். மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. மூழ்குவதற்கு மூன்று மாதமாவது ஆகும் என்பார்கள் பெரும்பாலான மருத்துவர்கள். சங்குப் பருவத்தின் நடுவில் ஒருவரிடம் “மூணு மாசம் கடலுக்குப் போகாதீங்க” என்று சொல்வது, படகு முதலாளியான சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்வதற்குச் சமம். ‘பெறகு வாரேன் சார்’ என்று அவர் எழுந்து போகிறார். மருத்துவமனைப் பதிவேட்டில் அது ‘நோயாளி சிகிச்சைக்கு உடன்படவில்லை’ என்று பதிவாகிறது. நோயாளி உடன்படாதது சிகிச்சைக்கு அல்ல, தேதிக்கு.

கடலிடம் ஒரு நாள்காட்டி இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாசி எடுக்கும் பெண்களும் அதை ஒட்டிப் பாசி வளரட்டும் என்று வேலையை நிறுத்திவைக்கும் வழக்கத்தைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டவர்கள். அதன் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலத்துவிடும். இராமநாதபுரத்துக்காரர்கள் தென்கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா அந்த மாதங்களில் கலங்கிக் கிடக்கும். அடியில் கண் தெரியாது. சங்கு குளிப்புக்கு ஏற்ற அமைதியான கடல் வாடைக்காலம் தொடங்கிக் கோடைவரைதான். ஆகவே ஏப்ரல் கடைசியில் அறுவை செய்துகொள்கிற ஒரு குளியாளிக்குத் தடைக்காலமும் கச்சான் மாதங்களும் சேர்ந்து, மருத்துவர் கேட்கும் மூன்று மாதத்தையும் அதற்கு மேலும் தருகின்றன. சங்குப் பருவத்தில் செய்தால் அவர் இழப்பது கூலி.

அறுவை சிகிச்சைப் பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் காற்றையும் நீரையும் பார்த்துப் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஜனவரி, பிப்ரவரியில் ஊர் ஊராகக் காதுப் பரிசோதனை. மார்ச்சில் சொட்டுமருந்து கொடுத்துச் சீழை உலர்த்துதல். உலர்ந்த காதில்தான் ஒட்டு நன்றாகப் பிடிக்கும். ஏப்ரல் 15இலிருந்து மே முடியும்வரை இராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கடல்தொழிலாளர்களுக்கென்று தனி அறுவை நாள்கள். தேவைப்பட்டால் மதுரையிலிருந்து அறுவை மருத்துவர்கள் வந்து உதவலாம். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் இதே மாவட்டத்தின் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அறுவை செய்துகொண்ட குளியாளிக்கும் பாசிப் பெண்ணுக்கும் அந்த மூன்று மாதங்களுக்கு அதுபோன்ற ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுப்பது அரசுக்குப் பெரிய பாரமாக இராது.

பரிசோதனைக்கு ஆள் எங்கே என்ற கேள்வி வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கடலோர ஊர்களில் அவர்கள் பையில் காதுநோக்கியும் ஓர் இசைக்கவையும் சேரட்டும். தில்லியின் ஏழைக் குடியிருப்புகளில் ‘ஸ்ருதி’ என்ற திட்டத்தின் கீழ், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கைபேசியில் பொருத்திய கருவியால் செவிப்பறையைப் படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மதுரையில் கண்ணுக்கு நடந்ததை நினைத்தாலே போதும். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நோயாளி வரும்வரை காத்திருக்கவில்லை. கிராமத்துக்குப் போய்ப் புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, பேருந்தில் ஏற்றி, அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விட்டது. தென்மாவட்டங்களில் இன்று கண்புரையோடு குருடாகிக் கிடப்பது விதி என்று யாரும் நினைப்பதில்லை. ஒழுகும் காதையோ விதி என்றே இன்னும் நினைக்கிறார்கள்.

விசைப்படகில் போகிறவர்களையும் இந்தப் பரிசோதனையில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு ஆபத்து நீரிலிருந்து வருவதில்லை, இன்ஜினிலிருந்து வருகிறது. இரவு முழுக்க அந்த இரைச்சலின் மேலேயே உண்டு உறங்குகிறவர்களுக்கு முதலில் போவது உச்ச ஒலிகள்: குழந்தையின் குரல், கைபேசி மணி, ‘ச’வும் ‘ஸ’வும். காது மந்தமானவர் தானே சத்தமாகப் பேசத் தொடங்குவார். வீட்டில் கோபக்காரர் என்று பெயர் வாங்குவார். செத்த நரம்பு முடிகளை எந்த அறுவை மருத்துவராலும் உயிர்ப்பிக்க முடியாது. இன்ஜினுக்கு ஒலியடக்கி, காதுக்கு அடைப்பான் என்று முன்கூட்டியே செய்தால்தான் உண்டு.

இரைச்சலால் வரும் கேளாமையும் அழுத்தக் காற்றில் வேலை செய்வதால் வரும் நோய்களும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே தொழில்நோய்களாக ஏற்கப்பட்டவை. ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது, ஏனென்றால் அவருக்கு முதலாளி என்று சட்டம் காட்டக்கூடிய ஒருவர் இருந்தார். பங்குக்குப் போகும் குளியாளிக்கும் எடைக்குக் காசு வாங்கும் பாசிப் பெண்ணுக்கும் அப்படி யாருமில்லை. மீனவர் நல வாரியம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள முடியும். விபத்தில் கை, கால் இழந்தால் உதவித்தொகை என்று இருப்பதுபோல, தொழிலால் கேள்திறன் இழந்தவருக்கும் ஒரு தொகையை வாரியம் வரையறுக்க வேண்டும். அதற்குக் கேட்பளவுச் சான்று தேவை. சான்று தரக் கருவியும் ஆளும் மாவட்ட மருத்துவமனையில் இருந்தால் குளியாளி மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

அறுவை மருத்துவர்களுக்கும் ஒரு பொறுப்பு மிச்சமிருக்கிறது. ஒட்டுப் பிடித்த காதோடு திரும்பி வரும் குளியாளி கேட்பது ஒரே கேள்வி: “இனிக் குதிக்கலாமா?” ‘பார்த்துப் போங்க’ என்ற பதில் அவருக்கு உதவாது. மூக்கைப் பிடித்து ஊதும்போது புதுப் பறை அசைகிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்து, குழல் திறக்கிறதா என்று அளந்து, இறங்கலாம், இறங்கக் கூடாது, சளி உள்ள நாளில் மட்டும் கூடாது என்று அட்டையில் தமிழில் எழுதித் தர வேண்டும். பின்னெலும்பைக் குடைந்து பெரிய அறுவை செய்துகொண்டவர் மீண்டும் மூழ்கக் கூடாது என்றால் அதையும் அறுவைக்கு முன்பே சொல்லி, மாற்று வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தை மீன்வளத் துறைக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள இராமநாதபுரத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் இன்றைக்கு ஒரு மேசையும் இல்லை. அடுத்த ஏப்ரல் 15க்குள் அதை ஏற்படுத்த மாவட்ட ஆட்சியரின் ஓர் ஆணை போதும்.